சுங்கை சிப்புட் நாடக மன்றம்: 1946ஆ, 1958ஆ?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உங்கள் தாத்தா இருந்த நாடக மன்றம் எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். 1971இல் அச்சான வெள்ளி விழா மலர் 1946 என்கிறது. சங்கப் பதிவுச் சான்றிதழில் 1958 இருக்கிறது. கையில் ஆண்டு குறிக்காத ஒரு நோட்டீஸும் ஒரு குழுப் படமும் உண்டு; தாத்தாதான் மன்றத்தை ஆரம்பித்தார் என்று பாட்டி சொல்லி வந்திருக்கிறார். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது இது: ஆண்டு உங்களுக்கு ஒரு சாக்குத்தான். 1946இல் இருந்ததும் 1958இல் பதிவானதும் ஒரே மன்றமா, அதில் தாத்தாவின் இடம் என்ன என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது. இரண்டுக்கும் உங்களிடம் இருக்கும் பொருள்களே பாதிக்கு மேல் பதில் சொல்கின்றன.

பேராக் மாநிலத் தோட்டப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி விழாவுக்கு வசனம் எழுதிக் கொடுக்கப் போய், பழைய நாடகக் குழுக்களின் நோட்டீஸ், மலர், கணக்கு நோட்டு என்று சேர்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. உங்கள் மன்றத்தின் நாடகம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆகவே நீங்கள் இணைத்திருக்கும் படங்களையும், மற்றத் தோட்டங்களில் கண்ட வழக்கத்தையும் வைத்துத்தான் பேசுகிறேன். இத்தனை நாள் பார்த்ததில் எனக்கு உறுதியான ஒன்று உண்டு. தோட்டத்து நாடகக் குழுவின் வரலாற்றை நாடகத்துக்குள் தேடினால் கிடைக்காது. வசன நோட்டு கரையானுக்குப் போயிருக்கும், கிரீடத்தைப் பிள்ளைகள் விளையாடித் தொலைத்திருப்பார்கள். யார் அனுமதி கொடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று தேடினால் எங்காவது ஒரு தாள் மிஞ்சியிருக்கும்.

முதலில் சந்தேகமில்லாத 1958ஐ எடுத்துக்கொள்வோம். சான்றிதழில் இருப்பது பதிவு நாள், பிறந்த நாளாக இருக்க வேண்டியதில்லை. மலாயாக் கூட்டரசில் அப்போது 1949ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் நடப்பில் இருந்தது. இன்று நாம் சொல்லும் சங்கங்கள் சட்டம் 1966இல் வந்தது. பத்து இளைஞர்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் கூடி ஒத்திகை பார்க்கப் பதிவு வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பதிவு எப்போது தேவைப்படும் என்றால், சொந்தப் பெயரில் ரசீது போட்டுப் பணம் வசூலிக்கும்போது, வங்கியில் கணக்குத் திறக்கும்போது, இடம் வாடகைக்கு எடுக்கும்போது. 1957 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற கையோடு பல சங்கங்கள் தம்மை முறைப்படுத்திக்கொண்டதும் இயல்பே. எனவே 1958இல் உங்கள் மன்றம் வளர்ந்த மன்றமாக இருந்தது என்று கொள்ளலாம். அன்றுதான் பிறந்தது என்று கொள்ளச் சான்றிதழ் இடம் தரவில்லை.

அடுத்து அந்த நோட்டீஸ். என்னைக் கேட்டால் உங்கள் கையில் இருப்பதிலேயே மதிப்புள்ளது அதுதான். எழுத்துகள் பழைய வடிவத்தில் இருப்பதால் 1940களாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு இங்கே உதவாது. தும்பிக்கை போல் வளைந்த பழைய ணை, லை, னை போன்றவற்றை மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணையிட்டதே 1978இல்தான். நம் நாட்டு அச்சகங்களுக்கு அது பிந்தித்தான் வந்தது. அதற்கு முன்னமே சீர்திருத்த எழுத்தில் ஒரு நோட்டீஸ் வந்திருந்தால், அச்சிட்டவர்கள் பெரியார் பக்கம் சாய்ந்தவர்கள் என்று ஊகிக்கலாம். பழைய எழுத்து இருப்பதால் ஒன்றும் தெரிவதில்லை.

தெரிவது வேறு இடத்தில். 'மே 16 ஞாயிற்றுக்கிழமை' என்று அச்சாகியிருக்கிறது. மே 16 ஞாயிற்றுக்கிழமையாக வந்த ஆண்டுகள் அந்தக் காலப் பகுதியில் ஐந்துதான்: 1943, 1948, 1954, 1965, 1971. ஜப்பான்காரன் காலத்தில், சயாம்–பர்மா மரணரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த 1943இல், பள்ளிக் கட்டட நிதிக்கு டிக்கெட் போட்டு நாடகம் நடத்தியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அச்சகத்தின் முகவரியில் 'மலாயா' என்று இருப்பதால் 1965உம் 1971உம் பெரும்பாலும் விலகிவிடும். மலேசியா உருவானது 1963 செப்டம்பரில். (பழைய பிளாக்கை மாற்றாமல் அடித்துத் தள்ளிய அச்சகங்களும் உண்டு என்பதால் 'பெரும்பாலும்' என்கிறேன்.) மிஞ்சுவது 1948, 1954.

இங்கேதான் தொடங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். பிற்பகல் 3 மணி! தோட்டத்து நாடகம் என்றால் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பிள்ளைகளையும் பாயையும் தூக்கிக்கொண்டு வந்து, பத்து மணிக்குத் திரை தூக்கி, விடியும்போது மங்களம் பாடுவது வழக்கம். திங்கட்கிழமை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் அணிக்கு) தூங்கி வழிந்துகொண்டு நின்றவர்கள் கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வெயில் கொளுத்தும் 3 மணிக்குப் பள்ளித் திடலில் நாடகம் வைக்கிறார்கள் என்றால் இரவு அவர்கள் கையில் இல்லை என்று பொருள். 1948 ஜூன் 16ஆம் தேதி உங்கள் ஊருக்குப் பக்கத்தில், எல்ஃபில் தோட்டத்தில் ஒருவரும் இன்னொரு தோட்டத்தில் இருவருமாக மூன்று ஐரோப்பியத் துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் ஊரடங்கு, அடையாள அட்டை, முள்வேலி, உணவுக் கட்டுப்பாடு. 1948 மே 16 அதற்கு ஒரு மாதம் முந்திய நாள். அன்றைக்கு 3 மணிக்குத் தொடங்க எந்தக் கட்டாயமும் இல்லை. 1954இல் அந்தக் கட்டாயம் இருந்தது. மலாக்காவின் சில பகுதிகளுக்கு 1953லேயே கட்டுப்பாடுகள் தளர்ந்தாலும், பேராக்கில், அதிலும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், 1958 வரைகூட நடவடிக்கைகள் ஓயவில்லை.

ஆகவே நோட்டீஸ் 1954ஐச் சேர்ந்தது என்பது என் முடிவு. உறுதி என்று சொல்ல மாட்டேன். வலுவான ஊகம் என்று எழுதுங்கள். தூரத்துத் தோட்டத்தாரை லாரியில் ஏற்றி வந்து இருட்டுவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததால் பகலில் வைத்திருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம், அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஊரடங்கு நேரங்கள் இடத்துக்கு இடம் மாறின, மாதத்துக்கு மாதம் மாறின. உங்கள் ஊர் சேர்ந்த கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அந்தக் காலத்து அறிவிப்பு ஒன்று கிடைத்தால் இந்த விவகாரம் தீர்ந்துவிடும். பஞ்சாங்கத்தையும் புரட்டிப் பார்த்தேன்: 1954இல் மறுநாள் பௌர்ணமி, வைகாசி விசாகத்தை ஒட்டிய நேரம், 1948இல் பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோயில்காரர்கள் நாள் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் இதன்மேல் பாரம் ஏற்ற மாட்டேன்.

கோயில்காரர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நோட்டீஸின் தலைப்பில் பெரிய எழுத்தில் இருப்பது மன்றத்தின் பெயர் இல்லை. 'மாரியம்மன் கோயில் பரிபாலன சபையின் ஆதரவில்' என்பதுதான் மேலே இருக்கிறது. மன்றத்தின் பெயர் கீழே, நடிகர்கள் என்ற இடத்தில், சின்னதாக. பதிவில்லாத குழு எப்படிப் போலீஸ் அனுமதி வாங்கியது என்று கேட்டிருந்தீர்கள். இப்படித்தான் வாங்கியது. அவசரகாலத்தில் நாலு பேர் கூடினாலே கேள்வி. கோயில் சபை, பள்ளி வாரியம், தொழிற்சங்கம் என்று ஏற்கெனவே முகவரியுள்ள ஒன்றின் குடைக்குள் நின்றுதான் இளைஞர்கள் நாடகம் போட்டார்கள். குடைக்கு விலையும் உண்டு. மேடையில் சாமியைக் கிண்டல் செய்யும் வசனம் வந்தால் அடுத்த ஆண்டு கோயில் குடை கிடைக்காது. பெரியார் 1929–30லும் 1954–55லும் இந்த நாட்டுக்கு வந்து போனவர். அவர் பேச்சைக் கேட்ட இளைஞர்கள் சீர்திருத்த நாடகம் போட வேண்டும் என்று துடிக்க, கோயில் தலைவர் 'வள்ளி திருமணம் போடு, பணம் தருகிறேன்' என்று நிற்க, அந்த இழுபறியில் உடைந்த குழுக்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. 1958இல் உங்கள் மன்றம் தனியாகப் பதிவு செய்துகொண்டதற்கு இப்படி ஒரு மனத்தாங்கலும் காரணமாக இருந்திருக்கலாம். இது வெறும் சந்தேகம். ஆனால் கோயில் சபையின் பழைய கூட்டக் குறிப்பைப் பார்க்க நேர்ந்தால் 1957, 1958 பக்கங்களை நிதானமாகப் படியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நோட்டீஸில் 'தமிழ்ப் பள்ளிக் கட்டட நிதிக்காக' என்று இருக்கிறது. பின்னாளில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவரான துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்ததும் அதே 1954இல்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டு, 'எங்கள் மன்றம் கலாசாலைக்கு நிதி திரட்டியது' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் பல இருந்தன, எல்லாவற்றுக்கும் ஓடு மாற்றவும் பெஞ்சு வாங்கவும் பணம் தேவைப்பட்டது. நோட்டீஸ் எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை.

புகைப்படத்துக்கு வருகிறேன். எல்லோரும் கிரீடம் வைத்த ராஜாவையும், மீசையை மழித்துச் சேலை கட்டிய ஸ்திரீபார்ட்டையும்தான் பார்ப்பார்கள். நீங்கள் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரண்மனை வரைந்த படுதா முழு அகலத்துக்கு எட்டவில்லை. அந்த இடைவெளியில் மரக்கம்பமும் அதில் மூன்று நான்கு வரிசை முள்கம்பியும் தெரிகின்றன. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டது அவசரகாலத்தில். எனவே படம் பெரும்பாலும் 1948க்குப் பிந்தியது. எவ்வளவு பிந்தியது என்று வேலி சொல்லாது, ஏனென்றால் 1960இல் அவசரகாலம் முடிந்த மறுநாளே யாரும் கம்பியைச் சுருட்டிவிடவில்லை. 1946 தொடக்க விழாவின் படம் என்று வீட்டில் சொல்லப்படுவதை மட்டும் இது ஏறக்குறைய மறுத்துவிடுகிறது.

இதே படத்தில்தான் உங்கள் தாத்தாவும் இருக்கிறார். நாற்காலியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் புரவலர்கள்: இப்படிப்பட்ட படங்களில் அந்த வரிசை பெரிய கிராணி (தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தர்), தலைமையாசிரியர், மளிகைக் கடைக்காரர் என்று அமையும். நிற்பவர்கள் நடிகர்கள், விடிகாலையில் பால்மரம் சீவிவிட்டு மாலையில் வசனம் பாடம் செய்தவர்கள். தாத்தா இரண்டிலும் இல்லை. ஓரமாக, வேடம் இல்லாமல், வெள்ளைச் சட்டையோடு, கையில் நீளவாக்கில் தைத்த நோட்டோடு நிற்கிறார். மலரில் அவர் பெயருக்கு நேரே 'பொருளாளர்' என்று இருக்கிறது. என் கணிப்பு, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவரும் கணக்கு எழுதியவரும் அவர்தான். எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த இடத்தில் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதைப் பல குழுக்களில் கண்டிருக்கிறேன். 'நிறுவனர்' என்று எழுத இந்தச் சான்றுகள் போதாது. 'மன்றத்தை நடத்தியவர்களில் ஒருவர், பொருளாளர்' என்று எழுதினால் எந்தச் சபையிலும் நிற்கும். பாட்டியின் சொல்லை அவர் சொன்னபடியே, அவர் சொன்னதாகவே, தனியாகக் குறித்து வையுங்கள்.

1946ஐத் தள்ளிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. வெள்ளி விழாவை 1971இல் கொண்டாடியிருக்கிறார்கள் என்பதே ஒரு சான்று. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தும் அவர்கள் 1958இலிருந்து எண்ணவில்லை, 1946இலிருந்து எண்ணியிருக்கிறார்கள். அப்போது உயிரோடிருந்த மூத்தவர்கள் அதை ஏற்றிருக்கிறார்கள். காலமும் பொருந்துகிறது. 1943க்குப் பின் இந்திய சுதந்திரச் சங்கமும் இந்திய தேசிய ராணுவமும் தோட்டத்து இளைஞர்களைக் கூட்டத்துக்கும் மேடைக்கும் பழக்கிவிட்டிருந்தன. போர் முடிந்து திரும்பியவர்கள் சும்மா இருக்கவில்லை: கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது 1946, 1947இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியதும் 1946இல். அந்த வேகத்தில் உங்கள் ஊரிலும் ஒரு வாலிபர் குழு நாடகம் போட்டிருந்தால் வியப்பில்லை. 1948 ஜூனோடு அது நின்றுபோய், ஐந்தாறு ஆண்டுக்குப் பின் பழைய ஆட்கள் சிலரும் புதியவர்களுமாக மறுபடி தொடங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே மன்றமா என்றால், ஆட்கள் கொஞ்சம் தொடர்ந்தார்கள், அமைப்பு தொடரவில்லை என்பதே என் ஊகம். மலரின் வரலாற்றுக் கட்டுரையில் 1946க்கு அடுத்து நேரே 1950களுக்குத் தாவுவதைக் கவனித்தீர்களா? நடுவில் ஒரு வரிகூட இல்லை. எழுதிய செயலாளர் அந்த ஆண்டுகளில் ஊரில் இல்லாதவராகவோ சிறு பையனாகவோ இருந்திருக்க வேண்டும்.

அந்த மலரை நம்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. அது அச்சானது 1971இல். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாகி, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிவிட்டார்கள். 1946இல் மேடையேறிய ராஜபார்ட்டும் ஆர்மோனியக்காரரும் நாகப்பட்டினத்தில் இறங்கிப் போயிருக்கலாம். மிஞ்சியவர்கள் நினைவில் இருந்ததுதான் மலரில் ஏறியிருக்கிறது. மன்றம் ஏன் நின்றது என்ற உங்கள் துணைக் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. டெலிவிஷன் வந்து நாடகத்தைக் கொன்றது என்று எல்லோரும் சொல்வார்கள். டெலிவிஷன் வந்தது 1963 டிசம்பரில். லயத்து வீடுகள் பலவற்றுக்கு மின்சாரமே வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. அதற்கு முன்னரே 1950களின் பிற்பாதியிலிருந்து தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றது, ஆட்களைச் சிதறடித்தது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே அதைத் தடுக்கத்தான். பிறகு பெர்மிட். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டது, பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனது. ஒத்திகைக்கு ஆள் இல்லாத ஊரில் டெலிவிஷன்மேல் பழி போடுவது எளிது.

முதியவர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஆண்டைக் கேட்காதீர்கள். கேட்டால் மலரில் படித்ததைத்தான் சொல்வார்கள். எந்தத் துரை காலம், உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, கேஸ் விளக்கா மின்விளக்கா, அரிசியை அளந்து கொடுத்த காலமா என்று கேளுங்கள். பெண் வேடம் யார் போட்டது, முதலில் மேடையேறிய பெண் யார், அவர் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சு தானாக வரும். ஜாதகம்போல எல்லா மன்றத்து வரலாற்றிலும் ஒரு வரி இருக்கும்: துரை முன்வரிசையில் உட்கார்ந்து கண்கலங்கினார் என்று. துரைமார் தமிழ்த் தேர்வு எழுதித் தேறியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பேராக்கில் அத்தனை துரைகள் அழுதிருந்தால் கிந்தா ஆறு கரை புரண்டிருக்கும். அந்த வரியை விட்டுவிட்டு, அன்றைக்கு லாரிக்கு எண்ணெய்க் காசு யார் கொடுத்தார் என்று கேளுங்கள்.

தாத்தாவின் அந்த நீள நோட்டு வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு தோட்டத்தின் இப்படிப்பட்ட நோட்டு என்னிடம் உண்டு. படுதா வாடகை, அரிதாரம், நோட்டீஸ் அடித்த கூலி, ஆர்மோனியக்காரருக்கு வேட்டி, போலீஸ் பெர்மிட்டுக்குப் போய்வந்த பஸ் காசு என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'துண்டு' என்று போட்டு அந்தத் தொகையை யார் கைப்பணத்திலிருந்து கட்டினார்கள் என்பதும் இருக்கிறது. மன்றத்தின் உண்மையான புரவலர் யார் என்று அந்த வரியில்தான் தெரிந்துகொண்டேன். மலரில் அவர் பெயர் வரவே இல்லை.

வெளியே தேட வேண்டிய இடங்கள் மூன்று. சங்கப் பதிவிலாகாவில் 1958 விண்ணப்பத்தோடு கொடுத்த முதல் செயலவைப் பட்டியல் கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். தாத்தாவின் பெயர் அதில் எந்தப் பதவியில் இருக்கிறது என்பது முக்கியம். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் மாவட்ட அலுவலகக் கோப்புகளைக் கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. தேடுசொல்லை நம்பாமல் 1954 மே இரண்டாம் பாதியைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள், ஊர்ச் செய்திகள் உள்பக்கத்தில் இரண்டு மூன்று வரியாகத்தான் வரும். அதற்கு முன் ஒரு வேலை: புகைப்படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அந்தக் கடை எந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் இருந்தது என்று கடைத்தெருவில் விசாரிக்க முடியும். வேலி சொல்லாத பின்எல்லையை அது சொல்லக்கூடும்.